கடைசிப் பெயர் இல்லாதவர்கள்: நீலகிரியில் வளர்ந்த காத்தவராயன் அயோத்திதாசரான கதை

கடவுச்சீட்டு விண்ணப்பமும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் படிவமும் நம் மாணவர்களிடம் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று குடும்பப்பெயர். பந்தலூர் வட்டத்தின் ஒரு வகுப்பறையில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னால், விடைகள் ஒரே மாதிரி இருக்கமாட்டா. கேரள எல்லையை ஒட்டிய குடும்பத்துப் பிள்ளை தன் வீட்டுப்பெயரை எழுதும். படகர் வீட்டுப் பிள்ளைக்குக் கவுடர் என்னும் சொல் கையிலிருக்கும். இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளை சற்றுத் தயங்கி, தந்தையின் பெயரை அங்கே இடும். பணியர் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளையும் அதையே செய்யும். தந்தை பெயர் குடும்பப்பெயர் ஆகாது. அடுத்த தலைமுறையில் அது மறைந்துவிடும். எனினும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் தந்தை அங்கே போய் உட்காருகிறார்.

வீட்டுப்பெயர் இருக்க வேண்டுமென்றால் வீடு இருக்க வேண்டும். அதுவும் பரம்பரையாகக் கைமாறும் வீடாக, நிலத்தோடு சேர்ந்த வீடாக இருக்க வேண்டும். தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்தில், வேலை உள்ளவரை மட்டும் குடியிருக்க உரிமை பெற்றவர்களுக்கு அப்படியொரு பெயர் எங்கிருந்து வரும்? பட்டப்பெயர்களின் கதையும் இதுவே. முதலியார், பிள்ளை, நாயக்கர், கவுண்டர் என்னும் சொற்கள் ஒரு காலத்தில் தலைமையையும் பதவியையும் படைப்பொறுப்பையும் அரசவை உறவையும் சுட்டின. பின்னர் அவை பிறப்பைச் சுட்டும் வால்களாக இறுகின. நிலமும் பதவியும் மறுக்கப்பட்டவர்களுக்கு வால் வாய்க்கவில்லை. அவர்களுக்கு வாய்த்தது வேறு. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் அவர்களுடைய சாதிப்பெயரே அடையாளமாகப் பதிவாயிற்று; ஊர்த் தெருவில் அதுவே வசையாகவும் விளிக்கப்பட்டது. பிறருக்குப் பெருமையின் குறியாக இருந்தது இவர்களுக்குச் சூட்டுக்கோலாக இருந்தது.

இந்த வேறுபாட்டை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே அரசியல் கோரிக்கையாக மாற்றிய ஒருவர், இதே நீலகிரி மலையில் வளர்ந்தவர். க. அயோத்திதாசப் பண்டிதர் என்று இன்று நாம் அவரை அழைக்கிறோம். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் அதுவன்று.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அக்குழந்தைக்குக் காத்தவராயன் என்று பெயரிட்டனர். தந்தை கந்தசாமி. பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். திருக்குறள் ஓலைச்சுவடியை அந்த அதிகாரியின் வழியாக எல்லிசு துரையிடம் சேர்ப்பித்தவர் இந்தக் கந்தப்பனே என்று பேரன் பிற்காலத்தில் பதிவு செய்தார். சமையற்கட்டில் நின்றவரின் வீட்டில் சுவடிகள் இருந்தன என்பதை நம் கல்வி வரலாறு இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அக்குடும்பத்தில் தமிழும் சித்த மருத்துவமும் வழிவழியாக வந்தன. நிலம் வழிவழியாக வந்ததாகச் செய்தி இல்லை.

காத்தவராயன் என்னும் பெயரின் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்ப்பனப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டு, பின் தெய்வமாக நின்றவனின் பெயர் அது. மதுரைவீரன், முத்துப்பட்டன் ஆகியோரின் வரிசையைச் சேர்ந்தவன் அவன். சாதி கடந்த காதலுக்குக் கொலைத்தண்டனை வழங்கிய சமூகம், கொலையுண்டவனையே கும்பிடும் நிலைக்கு வந்ததன் அடையாளமாக அப்பெயர் சேரிகளில் வாழ்ந்தது. தன் பிள்ளைக்கு அதை இடும் தாயும் தந்தையும் ஒரு நினைவைக் கையளிக்கிறார்கள்.

அந்தப் பெயரை அவர் வைத்துக்கொள்ளவில்லை. வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராசப் பண்டிதரிடம் தமிழும் மருத்துவமும் கற்ற மாணவர், ஆசிரியர்மீது கொண்ட மதிப்பால் அவர் பெயரையே தமக்குச் சூடிக்கொண்டார். தந்தையின் முதலெழுத்து முன்னால் நின்றது. பின்னால் நின்றது ஆசிரியரின் பெயர். பிறப்பு ஓர் எழுத்தாகச் சுருங்க, கல்வி முழுப்பெயராக விரிந்தது. அம்பேத்கரின் வாழ்விலும் இதற்கு இணையான செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. சக்பால் என்பது அவர் குடும்பத்தின் பெயர். ஊர்ப்பெயரான அம்படவேயை ஒட்டி அம்படவேகர் என்று பள்ளியில் பதிவான மாணவனுக்கு, அன்புள்ள ஆசிரியர் ஒருவர் தம் பெயரான அம்பேத்கரைக் கொடுத்தார் என்பர். அங்கே ஆசிரியர் கொடுத்தார். இங்கே மாணவர் தாமே எடுத்துக்கொண்டார். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இளமையில் குடும்பம் நீலகிரிக்கு வந்தது. அக்காலத்து மலை இன்றைய சுற்றுலா மலையன்று. காடழித்துக் காப்பியும் தேயிலையும் சிங்கோனாவும் நட்ட காலம். சமவெளியின் பஞ்சத்திலிருந்தும் பண்ணையடிமை நிலையிலிருந்தும் தப்பிவந்த ஒடுக்கப்பட்ட மக்களே அதன் உழைப்பாளிகள். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் பந்தலூரிலும் தேவாலாவிலும் பொன் கிடைக்கிறதென்று இலண்டனில் கம்பெனிகள் தொடங்கப்பட்டன; பங்குகள் விற்றன; சில ஆண்டுகளுக்குள் எல்லாம் சரிந்தது. துரைமார் போனார்கள், சுரங்கத்தின் குழிகள் நின்றன, கூலிகள் தேயிலைக்குத் திரும்பினார்கள். தோட்டத்தின் செக்ரோலில் ஒரு தொழிலாளியின் பெயர் ஒரு சொல்லாகவும் ஓர் எண்ணாகவும் நின்றது. காலைப் பெரட்டில் கங்காணி கூப்பிடும்போது காது கொடுக்க வேண்டிய ஒலி என்பதற்குமேல் அப்பெயருக்கு நிர்வாகத்திடம் மதிப்பில்லை.

இந்தச் சூழலில்தான் 1870களில் அயோத்திதாசர் மலையில் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரிலும் ஒன்றே உள்ளது என்னும் கொள்கையை, தீண்டாமைக்கு எதிரான கருவியாக்க முடியும் என்று அப்போது அவர் நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. ஆனால் மலையின் தனித்தன்மை அவருக்கு உதவியது: கிராமத்துச் சாதிக்கட்டு இங்கே சற்றுத் தளர்ந்திருந்தது, கூலிகள், சமையற்காரர்கள், எழுத்தர்கள், படைவீட்டுப் பணியாளர்கள் என ஒடுக்கப்பட்ட மக்களுள் சம்பளம் பெறும் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. கூட்டம் கூட்டவும் மனு எழுதவும் ஆட்கள் இருந்தனர்.

அவருடைய அரசியலின் முதற்களம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம் மக்களைப் பூர்வத் தமிழர் எனப் பதிய வேண்டும் என்றார். பின்னர் சாதிபேதமற்ற திராவிடர் என்னும் தொடரை முன்வைத்தார். 1885இல் ஜான் இரத்தினம் பாதிரியாரோடு சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1886இல் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இந்துக்கள் அல்லர் என்று அறிவித்தார். கணக்கெடுப்பாளனின் தாளில் எழுதப்படும் ஒரு சொல் எவ்வளவு பெரிய வலிமை உடையது என்பதை அவர்போல் அக்காலத்தில் உணர்ந்தவர் சிலரே. ஒருமுறை அரசின் ஏட்டில் ஏறிய பெயர் பள்ளியில், மருத்துவமனையில், நீதிமன்றத்தில், சிறையில் பின்தொடர்ந்து வரும்.

1891 டிசம்பர் 1ஆம் நாள் ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. அங்கு நிறைவேறிய பத்துத் தீர்மானங்களை இன்று படிப்பவர்கள், அவற்றுள் முதன்மையாக நிற்பது எது என்று கவனிக்க வேண்டும். பறையர் என்னும் சொல்லை இழிவுபடுத்தும் நோக்கில் வழங்குவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது அது. கல்வி, வேலை, நிலம், நீர்நிலைகளில் உரிமை ஆகியவையும் கேட்கப்பட்டன. ஆயினும் பெயர் பற்றிய கோரிக்கை வேறெதற்கும் பின்னால் தள்ளப்படவில்லை. பசித்த மக்களுக்குப் பெயரா முக்கியம் என்று கேட்போர் அன்றும் இருந்திருப்பர், இன்றும் உள்ளனர். சம்பளம் பேச வாய்திறக்கும் முன்பே ஒருவனை ஒரு சொல்லால் வாயடைக்க முடியுமானால், அந்தச் சொல்லை முதலில் எடுத்தாக வேண்டும். ஊட்டியில் கூடியவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

பொது இடத்தில் சாதிப்பெயரைச் சொல்லி வைவது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிப்பிரிவாக எழுதப்பட்டது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில். 1989ஆம் ஆண்டின் மூலச் சட்டம் இழிவுபடுத்துதலைக் குற்றமாக்கியிருந்தது. ஆனால் சாதிப்பெயர் என்னும் சொல்லை வெளிப்படையாகச் சேர்க்க மேலும் கால்நூற்றாண்டு ஆயிற்று. ஊட்டித் தீர்மானங்களில் இன்னொன்று, சிறை விதிகளில் பறையர்களை இழிவான வேலைக்கு ஒதுக்கும் பகுதியை நீக்கக் கோரியது. சிறைக் கையேடுகளில் சாதி அடிப்படையிலான வேலைப்பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2024 அக்டோபர் 3. இரண்டு நாட்களுக்கும் இடையே 132 ஆண்டுகளும் பத்து மாதங்களும். இந்தக் கணக்கைச் சட்டம் பயிலும் மாணவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்துக்கு அயோத்திதாசர் நீலகிரியின் பேராளராகச் சென்றார். சிவன், பெருமாள் கோயில்களில் நுழையும் உரிமை தம் மக்களுக்கும் வேண்டும் என்று கேட்டார். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த ஒரு சாஸ்திரியார் எழுந்து, மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனுமே உங்களுக்குரிய சாமிகள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருள்பட மறுத்தார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி, கல்வியும் தரிசு நிலமும் கேட்டார் பண்டிதர். இவ்விடத்தில் நாம் சற்று நிற்கலாம். இராமன் ஆண்ட நகரின் அடியவன் என்று பொருள்தரும் பெயரைத் தாங்கி நின்றவரை, அவர் விட்டுவந்த பழைய பெயரின் தெய்வக்கூட்டத்துக்கே திருப்பி அனுப்பினார் அந்தச் சாஸ்திரியார். பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று எண்ணும் எளிய நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

மலையில் அவரோடு இருந்த இன்னொருவர் இரட்டைமலை சீனிவாசன். ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராக நீலகிரிக்கு வந்தவர். அவருடைய தங்கை தனலட்சுமியை அயோத்திதாசர் மணந்தார். இரட்டைமலை என்பதை ஊர்ப்பெயர் என்று இன்றும் பலர் கருதுகின்றனர். அது அவர் தந்தையின் பெயர். ஓரெழுத்தாகச் சுருக்காமல் தந்தையை முழுப்பெயராகவே முன்னால் நிறுத்திக்கொண்டவர் சீனிவாசன். அதனால் வட்டமேசை மாநாட்டு ஆவணங்கள்வரை இரட்டைமலை சென்று சேர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, காந்தியைத் தமிழில் கையெழுத்திடப் பழக்கியவரும் இவரே என்று சொல்லப்படுகிறது. மோ.க.காந்தி என்று தலைப்பெழுத்துப் போட்டு எழுதுவது தமிழ் முறை.

மைத்துனர்கள் இருவரும் ஒரு பெயரை வைத்துப் பிரிந்தனர். 1893இல் சீனிவாசன் தொடங்கிய இதழின் பெயர் பறையன். இழிவென்று எறியப்பட்ட சொல்லைக் கையிலெடுத்து முகப்பில் அச்சிட்டு, இதோ நான்தான் என்று நிற்பது அவர் வழி. வெட்கப்படுபவன் உரிமை கேட்க மாட்டான் என்பது அதன் உட்பொருள். அயோத்திதாசருக்கு அது உடன்பாடில்லை. பகைவர் இட்ட பெயரை நாமே சுமந்தால் பகைவரின் கதையையே நாம் சொல்வதாகும் என்பது அவர் நிலை. கறுப்பின அமெரிக்கர்களிடமும் இவ்விரு வழிகளையும் காண்கிறோம். மால்கம், அடிமை உரிமையாளர் விட்டுச்சென்ற லிட்டில் என்னும் குடும்பப்பெயரை நீக்கி, அறியப்படாத மூதாதைக்காக எக்ஸ் என்று இட்டார். கறுப்பு என்னும் சொல்லையோ அதே தலைமுறையினர் பெருமிதமாக்கினர். நம் இயக்கங்களில் இவ்விரு வழிகளும் இன்றும் ஒன்றோடொன்று வாதிடுகின்றன. ஒன்றை மட்டும் சரியென்று முடிப்பதற்கு நாம் அவசரப்படவில்லை.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்ற பண்டிதர், கொழும்பில் சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. 1907 ஜூன் 19இல் ஒரு பைசாத் தமிழன் வாரஇதழாக வெளிவந்தது. ஓராண்டுக்குப்பின் தமிழன் என்று பெயர் சுருங்கியது. கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர்கள் இருந்தனர். இவ்விதழில்தான் பெயர்களைப் பற்றிய அவருடைய நெடிய ஆராய்ச்சி நிகழ்ந்தது. தொழிலையும் தகுதியையும் குறித்த சொற்கள் பிறப்பைக் குறிப்பனவாகத் திரிக்கப்பட்டன என்று வாதிட்டார். பறையர் என்னும் பெயர் பௌத்தர்களை வீழ்த்தியவர்கள் இட்ட பெயர் என்றார். வேடதாரிகளின் பொய்யை ஊரறியப் பறைந்தவர்களே அப்பெயர் பெற்றனர் என்று விளக்கினார்.

இந்தச் சொல்லாராய்ச்சிகள் பல இன்றைய மொழியியலின் முன் நில்லா. அதைச் சொல்வதால் அவருக்குக் குறைவில்லை. அவர் எழுப்பிய கேள்வி நிற்கிறது: ஒரு மக்கள்கூட்டத்துக்கு இந்தப் பெயரை இட்டது யார், எப்போது, யாருடைய நன்மைக்காக? சாதிப்பெயர் இயற்கையானது, ஆதியிலிருந்தே இருப்பது என்ற எண்ணத்தை அந்தக் கேள்வி உடைக்கிறது. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததைத் தமிழ்நாடு பெருமையோடு நினைக்கிறது, நினைக்கவும் வேண்டும். வாலை வெட்டியவர்கள் துறவியைப்போல் மதிக்கப்பட்டனர். வாலே இல்லாதவர்கள் தம்மீது ஒட்டப்பட்ட பெயரைக் கிழிக்கக் கால்நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே போராடியது அந்த வரலாற்றின் முன்னுரையாகக்கூடச் சேர்க்கப்படாமல் நெடுநாள் கிடந்தது.

பண்டிதரிடம் நாம் உடன்பட முடியாத இடமும் உண்டு. பஞ்சமர் என்னும் பொதுப்பெயரை அவர் எதிர்த்ததற்குக் காரணங்களுள் ஒன்று, பறையரையும் சக்கிலியர், குறவர், வில்லியர் முதலியோரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதை அவர் ஏற்கவில்லை என்பது. தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று அவர் பிரித்தார். தம் மக்களுக்கு இட்ட பெயர் பகைவரின் சூழ்ச்சி என்று கண்டவர், பிறருக்கு இட்ட பெயரை இயல்பென்று கொண்டார். அருந்ததியரும் பணியரும் காட்டுநாயக்கரும் நம்மோடு வாழும் பந்தலூரிலிருந்து எழுதும்போது இதை மூடிவைக்க இயலாது. பணியர் என்னும் பெயரே பணி என்னும் சொல்லிலிருந்து வந்தது. வயநாட்டில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவின்போது பேரம் பேசி ஆண்டுக்கு அடிமைகொள்ளப்பட்டவர்களின் பெயர் அது. அவர்களுடைய பண்டிதர் எழுதும் நாளில் அயோத்திதாசரின் கேள்வி அயோத்திதாசரை நோக்கியும் திரும்பும்.

1914 மே 5ஆம் நாள் அவர் மறைந்தார். எட்டாண்டுகளுக்குப்பின், 1922இல், மயிலை சின்னத்தம்பி ராஜா முன்னெடுத்த கோரிக்கையை ஏற்று, பறையர், பஞ்சமர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்று வழங்கச் சென்னை அரசு ஆணையிட்டது. இன்று நம் சாதிச்சான்றிதழில் உள்ள சொல் அந்த வழியில் வந்ததே.

அந்தச் சான்றிதழ்தான் இம்மலையில் இன்றும் வழக்காக நிற்கிறது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்காக உருவான அரசுத் தேயிலைத் தோட்டங்கள் சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் எங்கும் பரவின. வந்தவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் கையோடு கொண்டுவந்த கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் சாதி இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காதில் கேட்டபடி எழுதிய பெயர், சிங்கள எழுத்தர் தம் ஒலிக்கேற்பத் திருத்திய பெயர், இங்கே பள்ளியில் சேர்த்தபோது எழுதப்பட்ட பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று வடிவங்கள். பூர்வீக ஊரில் உறவினரின் சான்று கொண்டுவா என்று அலுவலகம் கேட்கும். மூன்று தலைமுறைக்கு முன் பஞ்சத்தில் புறப்பட்டவர்களின் ஊர், திருச்சியா சேலமா என்பதற்குமேல் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. சாதியால் தாழ்த்தப்பட்டதை மெய்ப்பிக்கக் காகிதம் இல்லாததால் உதவித்தொகையை இழந்த மாணவர்கள் இந்த வட்டத்தில் இருக்கிறார்கள். கடைசிப் பெயரில் சாதி உள்ளவர்களிடம் எந்த அலுவலகமும் இத்தனை கேள்விகள் கேட்பதை நாம் கண்டதில்லை.

பண்டிதரின் எழுத்துக்கள் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட பின்னரே பரவலான வாசகர்களை அடைந்தன. 2005இல் அஞ்சல்தலை வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் இடப்பட்டது; ஆதிதிராவிடர் குடியிருப்புகளை மேம்படுத்தும் மாநில அரசின் திட்டமும் அவர் பெயரைத் தாங்குகிறது. பலகைகள் எல்லாவற்றிலும் இருப்பது ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர்.

அவர் தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களை வாழ்க்கை வரலாறுகள் தருகின்றன. மகன்கள் பட்டாபிராமன், மாதவராம், ஜானகிராமன், இராசாராம். மகள்கள் அம்பிகாதேவி, மாயாதேவி. நால்வர் பெயரிலும் இராமன் வெளிப்படையாகவே நிற்கிறான். கடைசியாகச் சொல்லப்படும் மகளின் பெயர் புத்தரின் தாயுடையது. தந்தை மறைந்தபின் தமிழன் இதழைச் சிறிது காலம் நடத்தியவர் பட்டாபிராமன். இராமனின் முடிசூட்டைக் குறிக்கும் பெயரோடு அவர் பௌத்த இதழுக்கு ஆசிரியராக இருந்தார்.